ஃபேக்டர் மட்டும் போதாது

அரசு மருத்துவமனையில் ஹீமோபிலியா பிரிவின் வாசலில் கிடக்கும் பெஞ்சு காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடுகிறது. வீங்கிய முழங்காலைக் கையால் தாங்கியபடி ஒரு பள்ளி மாணவன், பக்கத்தில் மடியில் பழைய சீட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அவன் அம்மா, முழங்கை மடங்கியபடியே நின்றுபோன நாற்பது வயதுக்காரர் ஒருவர், கைக்குழந்தையோடு புதிதாக வந்து மிரண்டு உட்கார்ந்திருக்கும் தம்பதி. சிறிது நேரத்தில் பேச்சு தொடங்கிவிடும். எந்த நரம்பில் ஊசி சுலபமாக ஏறும், ஐஸ் ஒத்தடம் எவ்வளவு நேரம் கொடுக்கலாம், பி.டி. வாத்தியாரிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று அந்தப் பெஞ்சில் சொல்லித் தராத விஷயமே இல்லை. பெயர் சொல்லி அழைத்ததும் பேச்சு அறுந்துவிடும். உள்ளே எடை பார்ப்பார்கள், ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் மருந்தின் அளவைக் கணக்கிடுவதற்காக. போன வருடத்தைவிட எட்டு கிலோ ஏன் கூடியது என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. ஊசி போட்டாயிற்று, அடுத்தவர் வரலாம்.

இது தவறு என்று இந்தத் தலையங்கம் சொல்கிறது. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர்மீதோ செவிலியர்மீதோ இந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது. விலை உயர்ந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்த ஓர் ஏற்பாடு, அந்த மருந்து போய்ச் சேரும் உடம்பைப் பற்றி அந்த உடம்புக்கு உரியவரோடு உட்கார்ந்து பேச மறுப்பதுதான் தவறு. திருத்த வழி தெரிந்த பிறகும் திருத்தாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் எட்டாவது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோபிலியா பி. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்று முதல் வகையோடு பிறக்கிறது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கக்கூடும் என்பது மதிப்பீடு. கண்டறியப்பட்டுப் பதிவானவர்கள் அதில் ஒரு பகுதிதான். வெட்டுக்காயத்தில் ரத்தம் கொட்டிச் சாவார்கள் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இந்த நோய் அதிகமாக வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாமல், மூட்டுகளுக்குள். கணுக்கால், முழங்கால், முழங்கை இவற்றுக்குள் கசியும் ரத்தம் உட்சவ்வை வீங்கவைத்து, குருத்தெலும்பை அரித்து, வாலிபத்திலேயே ஒருவரைக் கைத்தடி பிடிக்க வைத்துவிடும். அந்த மூட்டைக் காப்பாற்ற ஃபேக்டருக்கு அடுத்தபடியாக உடம்பிலேயே இருக்கும் கவசம், அதைச் சுற்றியுள்ள வலுவான தசை.

அந்தத் தசையை நாமே வளரவிடுவதில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து பையன் கேட்கும் முதல் வார்த்தை 'ஓடாதே'. வீட்டில் அதுதான், பள்ளியிலும் அதுதான். விளையாட்டு நேரத்தில் மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக மரத்தடியில் உட்காரவைக்கப்படும் பையன் அவன். ஃபேக்டர் கிடைக்காத காலத்தில் அந்த அறிவுரைக்கு நியாயம் இருந்தது. இன்று அது அவன் மூட்டுகளுக்கு எதிராகவே வேலை செய்கிறது. இதோடு சாப்பாடு சேர்ந்துகொள்கிறது. 'ரத்தம் ஊறட்டும்' என்று பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் ஆட்டு ஈரலும் சுவரொட்டியுமாக ஊட்டும் பாட்டிகள் நம் எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள். அந்த அன்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவன் உடம்பில் குறைவது உறைய வைக்கும் புரதம், அதை எந்த ஈரலும் தராது. ஓடவிடாமல் உட்காரவைத்து, ஒரு கவளம் கூடுதலாகவே ஊட்டி வளர்த்த பிள்ளை பதினெட்டு வயதில் தொண்ணூறு கிலோவில் நிற்கிறான். ஏற்கெனவே அரிபட்ட முழங்கால் அந்தத் தொண்ணூறையும் சுமக்கிறது.

கணக்காகவும் பார்க்கலாம். எட்டாவது ஃபேக்டரில் கிலோவுக்கு ஒரு யூனிட் செலுத்தினால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். 40 சதவீதம் உயர்த்த வேண்டுமானால் அறுபது கிலோ ஆளுக்கு 1,200 யூனிட், எண்பது கிலோ ஆளுக்கு 1,600 யூனிட். ஒவ்வொரு கசிவுக்கும், ஒவ்வொரு தடுப்பு ஊசிக்கும் இந்த வித்தியாசம் உண்டு. கொழுப்பு மூடிய கையில் நரம்பு தேடிக் குத்திக் குத்திப் புண்ணாவது தனிக்கதை. எடையைப் பற்றிப் பேச நேரம் இல்லை என்கிற அரசு, அந்த மௌனத்துக்கும் யூனிட் கணக்கில் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று, இதைவிடக் கவலை தருவது. தடுப்பு ஊசி பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் எமிசிசுமாப் போன்ற மருந்துகள் வந்த பிறகு, ஹீமோபிலியாக்காரர்கள் வயதாகிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. வயதானால் நம் எல்லோருக்கும் வருகிற ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் மாரடைப்பும் அவர்களுக்கும் வரும். மற்றவர்களுக்கு மாரடைப்பு என்றால் முதலில் ஆஸ்பிரின். இவர்களுக்கு அதே மாத்திரை ஆபத்து. ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், உறையும் திறன் இல்லாத உடம்பில் அது உயிரைக் கேட்கும். ஆக, உப்பைக் குறைப்பதும் தினமும் நடப்பதும் புகையை விடுவதும் இவர்களுக்கு மற்ற யாரையும்விட அவசரம். அதைச் சொல்ல மூன்று நிமிடம் போதாது. சொன்னாலும், வெள்ளைக் கோட்டு போட்டவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வது மனதில் ஒட்டுவதில்லை.

இங்கேதான் கூட்டு மருத்துவச் சந்திப்பு என்கிற முறை வருகிறது. எட்டோ பத்தோ நோயாளிகள் ஓர் அறையில் வட்டமாக உட்காருகிறார்கள். மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர் உடன் இருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம். மருத்துவர் ஒவ்வொருவரோடும் முறையாகப் பேசுகிறார், அவருடைய எடை, ரத்த அழுத்தம், சென்ற மாதத்துக் கசிவுகள் எல்லாம். மற்றவர்கள் கேட்கிறார்கள், குறுக்கே புகுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள். உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டியதெல்லாம் மறைவில் தனியாக நடக்கும். சொற்பொழிவு கேட்கும் விழிப்புணர்வு முகாமோடு இதைக் குழப்பக் கூடாது. இது முழு மருத்துவ ஆலோசனை, பலர் முன்னிலையில் நடக்கிறது, அவ்வளவுதான்.

யோசனை புதிதும் இல்லை. 1905-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாக உட்காரவைத்து வகுப்பு நடத்தினார். 1990-களில் கலிபோர்னியாவில் எட்வர்ட் நோஃப்சிங்கர் இதை வழக்கமான மருத்துவ ஆலோசனையாகவே வடிவமைத்தார். நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்ணழுத்த நோயாளிகள் சுமார் ஆயிரம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தனித்தனியாகவும் மறு பாதியைச் சிறு குழுக்களாகவும் பார்த்தார்கள். 2023-இல் முடிவு வெளியானது. குழுவாக வந்தவர்களுக்குத் தங்கள் நோயைப் பற்றிய அறிவும் மனநிறைவும் கூடியிருந்தன, மருந்தையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள். கண்ணுக்குள் சொட்டு மருந்து விடுவதையே பக்கத்தில் இருப்பவர் கேட்கும் கேள்வியிலிருந்து கற்றுக்கொள்ள முடிகிறதென்றால், வாழ்நாள் முழுக்க ஊசியோடு வாழ்பவர்களுக்கு அதே வாய்ப்பை ஏன் மறுக்கிறோம்?

ஹீமோபிலியாவுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும் என்று நான் நம்புவதற்குக் காரணம், இந்த நோய் உண்டாக்கும் தனிமை. சுற்றுவட்டாரத்தில் தேடினாலும் இன்னொருவர் கிடைப்பது அரிது. ஊரில் அவன் மட்டும்தான் அப்படி. 'நீச்சல் பழகு' என்று மருத்துவர் சொன்னால் அம்மா பயப்படுகிறார். இருபது வயதுவரை தண்ணீரில் இறங்காமல், இப்போது வாரம் நான்கு நாள் நீந்துகிற ஒருவர் தன் கணுக்காலைக் காட்டிச் சொன்னால் அந்த அம்மா கேட்கிறார். மடங்கிய முழங்கையோடு இருக்கும் அந்த நாற்பது வயதுக்காரர், 'தம்பி, எனக்கு ஃபேக்டர் கிடைக்கல, உனக்குக் கிடைக்குது, உட்கார்ந்தே கெடுத்துக்காத' என்று சொன்னால் அதற்கு மேல் ஓர் அறிவுரை தேவைப்படாது. பரோட்டாவைக் குறைத்த கதையைச் சொல்லி ஒருவர் சிரிக்கும்போது, எடையைப் பற்றிய வெட்கம் கலைகிறது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருமே என்று பிரஷ்ஷையே தொடாதவர்கள், துலக்காததால்தான் ஈறு கெட்டு ரத்தம் கூடுகிறது என்று பக்கத்து நாற்காலியிலிருந்து தெரிந்துகொள்கிறார்கள்.

எதிர்வாதம் ஒன்றை லேசாகத் தள்ள முடியாது. நம் ஊரில் இந்த நோய் ரகசியம். அக்காவுக்கு வரன் தட்டிப்போகும், தங்கைக்குப் பேச்சே எழாது என்று வருடக்கணக்கில் மறைத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. தாய்வழி வருவது என்பதால் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வீடுகளும் உண்டு. மரபணு ஒன்றுக்காக ஒரு பெண்ணைப் பழிப்பது அநீதி, அதில் இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் அந்த அநீதி இருக்கும்வரை, அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே இருக்கும் என்ற உறுதியை ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வர விரும்பாதவருக்குத் தனிச் சந்திப்பு எப்போதும் திறந்திருக்க வேண்டும். நோயைக் கடத்தும் பெண்களில் பலர் மாதவிடாயில் கடுமையான ரத்தப்போக்கோடு யாரிடமும் சொல்லாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்கென்று பெண்கள் மட்டும் கூடும் சந்திப்பு வேண்டும். பத்துப் பேரை ஒரே நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம், ஒரு மருத்துவர் பணியிடத்தைக் குறைத்துவிடலாம் என்று எந்த நிர்வாகமாவது இதைப் பயன்படுத்தினால், அது நோயாளியின் நேரத்தைத் திருடுவதாகும்.

இந்த நோயாளிகளுக்குச் சொல்லாமல் விட்டதன் விலையை வரலாறு பார்த்திருக்கிறது. 1970-களிலும் 80-களிலும் பல நாடுகளில் மாசுபட்ட ஃபேக்டர் வழியாக ஆயிரக்கணக்கானோருக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றின. பிரிட்டனில் 2024-இல் வெளியான விசாரணை அறிக்கை, ஆபத்தை அறிந்திருந்தும் நோயாளிகளிடம் மறைத்ததைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. 1963-இல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பைத் தொடங்கிய ஃபிராங்க் ஷ்னாபெல் தானே கடுமையான ஹீமோபிலியாக்காரர். அவரும் 1987-இல் எய்ட்ஸால் இறந்தார். ஏப்ரல் 17, அவர் பிறந்த நாள், உலக ஹீமோபிலியா தினமாக இருக்கிறது. நோயாளிகள் ஒன்றுகூடித் தங்களுக்குள் தெரிந்துகொண்டதுதான் இந்தச் சமூகத்தைக் காப்பாற்றியது. அந்த ஒன்றுகூடலை மருத்துவமனைக்குள் அழைத்துவர மட்டுமே கேட்கிறோம்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஹீமோபிலியா ஏ-க்கு மரபணு சிகிச்சையை ஐந்து பேருக்குச் செய்து 2024-இல் உலகத்துக்கு அறிவித்த மாநிலம் இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் ஹீமோபிலியாவைச் சேர்த்துக்கொண்ட நாடு இது. அவற்றோடு ஒப்பிட்டால் ஓர் அறை, பத்து நாற்காலி, ஒரு பிசியோதெரபிஸ்டின் ஒன்றரை மணி நேரம் என்பது பெரிய கேள்வி இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை வைத்தால் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெரியவர்கள் பலருக்குக் கூலியும் போகாது. கசிவு இல்லாத நாளில் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டவருக்கு, ஃபேக்டர் உடம்பில் நிறைந்திருக்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தசைப் பயிற்சியைப் பயமின்றிக் கற்றுக்கொள்ள ஏற்றது. இப்போது அந்த நேரத்தில் அவர்கள், பஞ்சை முழங்கையில் அழுத்திப் பிடித்தபடி, பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.