காலனியச் சட்டம் எங்கே போனது?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. காலனிய அடிமைத்தனம் ஒழிந்தது என்று மார்தட்டியது மத்திய அரசு. வடமொழிப் பெயரா என்று கொதித்தது அன்றைய தமிழக அரசு. ஆனால், கடலூர் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அதே பழைய வரி: எஸ்.பி. பரிந்துரையின்பேரில் ஆட்சியர் உத்தரவு, குண்டர் தடுப்புச் சட்டத்தில் கைது. காலனியத்தின் ஆகக் கொடிய மிச்சமான தடுப்புக் காவலின் மேல் யாரும் கை வைக்கவில்லை.

உரிமை என்றதும் நம் மேடைகளுக்கு 1789 பிரெஞ்சுப் பிரகடனம்தான் நினைவுக்கு வரும். சட்டப்படி அன்றி எவரையும் சிறைப்படுத்தக் கூடாது என்று அழகாகவே சொன்னது அது. நான்கே ஆண்டுகளில், 1793 செப்டம்பரில், சந்தேகத்துக்குரியோர் சட்டம் போட்டுச் சிறைகளை நிரப்பியதும் அதே பிரெஞ்சுப் புரட்சிதான்.

இங்கிலாந்தின் 1679 ஆட்கொணர்வுச் சட்டத்தில் மனித மாண்பு பற்றிய முழக்கம் எதுவும் கிடையாது. கைதியை மூன்று நாளில் நீதிபதி முன் நிறுத்து. தொலைவு அதிகமானால் கூடுதல் அவகாசம். தவறும் அதிகாரிக்கு முதல் முறை 100 பவுண்டு, மறுமுறை 200 பவுண்டு, கூடவே பதவியும் போகும். அந்தப் பணமும் கஜானாவுக்கு அல்ல, கைதிக்கே!

இந்தச் சட்டத்தை ஆங்கிலேயர் கப்பலேற்றி நமக்கு முழுதாக அனுப்பவில்லை. விசாரணையின்றி அடைக்க 1818இல் வங்காளத்துக்கு ஒரு சட்டம், 1819இல் சென்னை மாகாணத்துக்கு இன்னொன்று என்றுதான் போட்டார்கள். 1918 நவம்பரில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் எல்லை தாண்டிய பாரதியைப் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். அவரை மீட்டது நீதிமன்றம் அல்ல. பெரிய மனிதர்களின் பரிந்துரையும் அரசின் நிபந்தனைகளும். அதுவரை பத்தாண்டு புதுச்சேரியில் அவரைக் காத்தது பிரெஞ்சு சுதந்திர உணர்வு என்பது வெறும் கதை. காத்தது எல்லைக்கோடு.

சுதந்திர இந்தியா பிரான்ஸைப் போல முழங்கியது, காலனி அதிகாரியைப் போல அடைத்தது. 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்தச் சொல்லும் அரசமைப்பின் 22ஆவது கூறே தடுப்புக் காவலுக்கு விலக்கும் தருகிறது. அந்த வாசல் வழியே வந்ததுதான் குண்டர் தடுப்புச் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம். குற்றப்பத்திரிகை வேண்டாம், அறிவுரைக் கழகத்தின் முன் வாதாட வக்கீல் கிடையாது, 12 மாதம் வரை சிறை. இன்றைய இங்கிலாந்தில் குற்றம் சாட்டாமல் போலீஸ் வைத்திருக்க உச்சவரம்பு 96 மணி நேரம். பயங்கரவாத வழக்கானால் 14 நாள். பிரான்ஸில் சாதாரணக் குற்றத்துக்கு 48 மணி நேரம். கடலூர் மாவட்டத்துப் பையனுக்கு மட்டும் ஓராண்டா?

குண்டர்களுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: அடைபட்டவர் குண்டர் என்று தீர்மானித்தவர் நீதிபதியே அல்ல. தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் இந்த உத்தரவுகளை அடிக்கடி ரத்து செய்கிறது. அதற்குள் பல மாதங்கள் சிறையில் கழிந்திருக்கும். கையெழுத்திட்டவருக்கோ சல்லிக்காசு நஷ்டமில்லை.

அந்தச் சட்டத்தை ரத்து செய்யுங்கள். அதுவரை, நீதிமன்றம் ரத்து செய்யும் ஒவ்வொரு உத்தரவுக்கும் கையெழுத்திட்டவர் சம்பளத்தில் பிடித்து, அடைபட்டவர் கையில் கொடுங்கள். மறுமாதமே தடுப்புக் காவல் தானாக ஒழியும்.