காந்தள் ஒசத்தி, காளான் மட்டமா?



செங்காந்தள் நம் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் படத்தை நோட்டில் ஆசையாக ஒட்டுகிறோம். ஆனால் மழை பெய்த மறுநாள் கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானை என்ன செய்கிறோம்? "நாய்க்குடை"ன்னு சொல்லி காலால எத்திட்டுப் போறோம். இது நியாயமா?

காந்தள் அழகுதான். இலை நுனியே சுருண்டு வேலியைப் பிடித்து ஏறும். கார்த்திகையில் ஆறு இதழும் தீ மாதிரி நிற்கும். ஆனால் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற நஞ்சு உள்ளது. கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம். அதே நஞ்சை அளவோடு எடுத்து மூட்டு வீக்க நோய்க்கு மருந்து செய்கிறார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று தோட்டம் போட்டு விதை எடுப்பது இதற்காகத்தான்.

காளான் செடியே கிடையாது. அதற்குப் பச்சையம் இல்லை. நண்டு ஓட்டில் உள்ள கைட்டின்தான் அதன் செல்சுவரிலும் இருக்கிறது. 1969-ல் விட்டேக்கர் என்ற அறிஞர் பூஞ்சைகளைத் தனி உலகமாகவே பிரித்துவிட்டார். அதைப் பார்த்து "பூக்கலையே"ன்னு சொல்றது, கோழி பால் கறக்கலைன்னு குறை சொல்ற மாதிரி!

புற்றுக்குள் கரையான்கள் காய்ந்த குச்சியையும் இலையையும் மென்று, அதில் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்கின்றன. கரையானால் செரிக்க முடியாத மரத்தைப் பூஞ்சை இளக்கிக் கொடுக்கிறது. செத்த மரம் மண்ணுக்கு உரமாவது இப்படித்தான். மழைக்கு வெளியே வரும் காளான் நமக்கும் நல்ல உணவு.

"காளான்ல விஷம் இருக்கே"ன்னு கேட்பீர்கள். உண்மைதான். விஷக் காளானும் பார்க்க நல்ல காளான் மாதிரியே இருக்கும். நாமாகப் பறித்துத் தின்னவே கூடாது. ஆனால் விஷம் இருக்குன்னு காந்தளை யாராவது எத்துறோமா? அழகா இருந்தா விஷத்தையும் மன்னிக்கிறோம். அழகில்லைன்னா நல்லதையும் மிதிக்கிறோம்.

மனுஷங்களையும் இப்படித்தான் பார்க்கிறோம். ஆண்டு விழா நடனம் என்றால் சிவப்பா இருக்கிற பிள்ளைக்குத்தான் முன்வரிசை. நல்லா ஆடுற கறுத்த பிள்ளை பின்வரிசையில். இது மாறணும்.

தோழர்களே, இந்த மழைக்கு முளைக்கும் காளானை எத்தாதீர்கள். குனிந்து உட்கார்ந்து பாருங்கள். நம் அறிவியல் மூலையில் காந்தள் படத்துக்குப் பக்கத்தில் காளான் படத்தையும் ஒட்ட வேண்டும் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி