பேய் என்றால் அவ்வளவு இளப்பமா?

சென்ற வாரம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "பேய்க்கதையெல்லாம் ராத்திரி பஸ்ஸில் படிக்கிறது சார், இங்கே எதுக்கு?" என்றார். கூட்டம் சிரித்தது. அந்த நாவலைப் படித்ததில்லை என்பதையும் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். குடும்ப நாவலைப் படிக்காமல் திட்டினால் அறியாமை. பேய்க்கதையைப் படிக்காமல் திட்டினால் உயர்ந்த ரசனை. நல்ல நியாயம்!

அந்தப் பஸ் சமாசாரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? 1959இல் வந்த நாவல். ஆள் நடமாட்டமில்லாத மலைகளுக்கு நடுவே ஹியூ கிரெய்ன் என்பவர் தன் குடும்பத்துக்காகக் கட்டிய மாளிகை. ஒரு மூலைகூட நேராக இராது. கதவைத் திறந்து வைத்தால் தானாகச் சாத்திக்கொள்ளும். அங்கே நடக்கும் விநோதங்களை ஆராய டாக்டர் மாண்டேக் சிலரை அழைக்கிறார். வருகிறவர்களில் ஒருத்தி எலினார். வயது 32. அதில் 11 வருஷம் நோயாளி அம்மாவுக்குப் பணிவிடை செய்தே போயிற்று. அம்மா இறந்த பின் அக்கா வீட்டில், குழந்தையின் அறையில் ஒரு கட்டில். காரின் விலையில் பாதி அவள் கொடுத்தது. ஆனால் அதை எடுத்துப்போக அக்காவும் அக்கா புருஷனும் விடுவதில்லை. யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். பேய் இன்னும் வரவே இல்லை, அதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இப்படி ஒரு அத்தையோ சித்தியோ இல்லாத குடும்பம் நம் ஊரில் எத்தனை?

பிறகு பேய் வருகிறது. வந்து என்ன செய்கிறது? கதவைத் தட்டுகிறது. எலினாரின் அம்மாவும் இரவுகளில் சுவரைத் தட்டித்தான் மருந்து கேட்பாள். கடைசி இரவில் அம்மா தட்டினாளா, தட்டியது காதில் விழுந்தும் தான் தூங்கிவிட்டோமா என்பது எலினாருக்கே நிச்சயமில்லை. தட்டுவது யார் என்று ஜாக்சன் கடைசிவரை சொல்வதில்லை. அந்தத் தட்டலை வைத்து ஒரு பெண்ணின் குற்ற உணர்வை இவ்வளவு நுட்பமாக எழுதிய யதார்த்த நாவல் ஒன்றை யாராவது எடுத்துக் காட்டட்டும், பேசலாம்.

எலினார் பொய்யும் சொல்கிறாள். தனக்கென்று ஓர் அழகான சின்ன வீடு இருப்பதாகத் தோழி தியடோராவிடம் அளக்கிறாள். வரும் வழியில் பார்த்து ஆசைப்பட்டதையெல்லாம் அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறாள். முடிவில் எல்லோரும் சேர்ந்து, வீட்டுக்குப் போய்விடு என்கிறார்கள். எந்த வீட்டுக்கு? அவளை வேண்டும் என்று கூப்பிட்ட ஒரே வீடு அந்தப் பேய் வீடுதான். காரைக் கிளப்பி நேரே மரத்தில் மோதுகிறாள். இதைப் படித்துவிட்டு "பொழுதுபோக்கு" என்கிறவருக்குப் பொழுது எப்படித்தான் போகிறதோ!

இந்த இளப்பத்துக்குள் ஒரு தந்திரமும் உண்டு. நாவல் நன்றாக இருந்துவிட்டால் அது பேய்க்கதையே இல்லை என்று சாதித்துவிடுவார்கள். டோனி மாரிசனின் 'பிலவட்' நாவலில் செத்த குழந்தையின் ஆவி வீட்டையே ஆட்டுகிறது. 1988இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உடனே அது வரலாறு, நினைவு, அடிமைமுறை. எல்லாம் சரிதான். ஆனால் பேய் எங்கே போயிற்று? ஹென்றி ஜேம்ஸ் 1898இல் ஒரு தனித்த நாட்டுப்புற மாளிகையில் இரண்டு ஆவிகளை உலவவிட்டார், அது உளவியல். எலினார் மட்டும் பஸ்ஸில் போக வேண்டும்!

சினிமாக்காரர்களும் இதற்குத் துணை. 1963இல் ராபர்ட் வைஸ் கறுப்பு வெள்ளையில், பேயைக் காட்டாமலே ஜாக்சனின் நாவலைப் படமாக எடுத்தார். இன்றும் நடு முதுகு சில்லிடும். 1999இல் மறுபடி எடுத்தவர்கள் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் வீட்டையே நெளியவிட்டார்கள். சிரிப்புத்தான் வந்தது. 2018இல் வந்த தொடரிலோ எலினார், தியடோரா எல்லோரும் உடன்பிறந்தவர்களாகிவிட்டார்கள். யாருமற்ற எலினாருக்கு இத்தனை உறவு கொடுத்தபின் அந்த வீடு எதற்கு அவளைக் கூப்பிட வேண்டும்? தொடரைப் பார்த்துவிட்டு நாவலைப் படித்ததாகப் பேசுகிறவர்கள் வேறு கிளம்பிவிட்டார்கள்.

எழுதியது பெண் என்பதாலும் இந்த அலட்சியம் என்றே நினைக்கிறேன். ஜாக்சனுக்கு நாலு குழந்தைகள். கணவர் ஸ்டான்லி ஹைமன் கல்லூரியில் பாடம் நடத்திய விமர்சகர். 1948இல் 'நியூயார்க்கர்' இதழில் வந்த 'தி லாட்டரி' சிறுகதைக்கு வாசகர்களின் கோபக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அப்படிப்பட்டவர் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனபோது தொழில் என்ன என்று கேட்டார்களாம். எழுத்தாளர் என்றாராம். இல்லத்தரசி என்றே போட்டுக்கொள்கிறோம் என்று பதில் வந்ததாம். தன் வீட்டு வாழ்க்கையை வேடிக்கையாக எழுதிய புத்தகத்தில் அவரே இதைச் சொல்கிறார். அந்த ஆஸ்பத்திரிக்காரருக்காவது எதிரே பிரசவ வலியோடு ஒருத்தி நின்றாள், படிவத்தைச் சட்டென்று முடிக்கிற அவசரம் இருந்தது. நம் விமர்சகர்களுக்கு என்ன அவசரம்?