மாலை மட்டும் போதுமா?

பவானியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், அதே காவிரிக் கரையில் உள்ளது ஈரோடு. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்த ஊர் அது. அவர் வளர்ந்தது கும்பகோணத்தில் என்றாலும், 'நம்ம ஊரில் பிறந்தவர்' என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை உண்டு. 2012 முதல் அவர் பிறந்த நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. படத்துக்கு மாலை அணிவிக்கிறோம். 1729 என்ற வாடகைக் கார் எண்ணின் கதையைச் சொல்கிறோம். 'தெய்வப் பிறவி' என்று வியந்து கலைகிறோம். இது மட்டும் போதுமா?

அன்று கரும்பலகையில் வேறோர் எண்ணை எழுதலாம் என்பது என் கருத்து. அந்த எண் 6746328388800. இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் 1915இல் வந்த இராமானுஜனின் கட்டுரையில், அட்டவணையின் கடைசி எண் இது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்களை அவர் அதில் ஆராய்ந்தார். இந்த ஆராய்ச்சிக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஜமக்காளமே போதும். அறுபது அங்குல அகலத்தை, முழு அங்குலக் கணக்கில், சமமான பட்டைகளாகப் பன்னிரண்டு விதமாகப் பிரிக்கலாம். அறுபத்திரண்டு அங்குலமானால் நான்கே விதம்! 60க்குக் கீழே எந்த எண்ணுக்கும் பன்னிரண்டு காரணிகள் இல்லை.

இனிப் பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்போம். அதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5ம் 7ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வருகின்றன. ஒவ்வொன்றும் வரும் முறையுடன் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2, அதாவது 10,080 காரணிகள். பள்ளிக் கணக்கு அறிந்த எவரும் இதைச் செய்யலாம்.

கைபேசி நொடியில் சொல்லிவிடுமே என்பீர்கள். விடையைச் சொல்லும், ஏன் ஒன்றைக் கூட்டுகிறோம் என்ற கேள்வி, கணக்கைத் தாமே போட்டவருக்குத்தான் எழும். இதைவிடச் சிறிய எண் எதற்கும் 10,080 காரணிகள் இல்லை என்று நிறுவுவதுதான் கடினம். அங்கேதான் இராமானுஜனின் உழைப்பு தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த அட்டவணையில் இடம்பெற வேண்டிய 293318625600 என்ற எண் விடுபட்டுப்போயிற்று. கடைசி எண்ணை 23ஆல் வகுத்துப் பாருங்கள், அதுவே கிடைக்கும்! சரிபார்த்தவர்கள்தாம் இதைக் கண்டார்கள். அதனால் மேதையின் புகழ் குறைந்துவிடவில்லை. சரிபார்ப்பது அவமரியாதையும் அன்று. கணிதத்தில் அதுவே மரியாதை.

'தெய்வப் பிறவி' என்று ஒதுக்கி வைத்தால், 'நம்மால் ஆகாது' என்று மாணவர் ஒதுங்கவும் அதுவே சாக்காகிவிடும். ஆகவே நண்பர்களே, வரும் டிசம்பர் 22 அன்று மாலையும் இருக்கட்டும். சொற்பொழிவைச் சற்றே சுருக்கி, தமிழ் மாணவரும் வணிகவியல் மாணவரும் உட்பட எல்லோரும் தாளும் பென்சிலுமாக அந்த எண்ணை வகுத்துப் பார்ப்போம்.