வன்மை மட்டும் போதுமா?

பெருந்துளை றைபிள்களால் வேட்டையாடுவோர் மத்தியில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. ஈயத்தை எவ்வளவு கடினமாக்கி வார்க்கிறோமோ அவ்வளவுக்குச் சன்னம் சிறந்தது என்பதே அது. விற்பனையாளர்களும் 'கடின வார்ப்பு' என்பதையே பெருஞ் சிறப்பாக எடுத்துச் சொல்லி அந்த நம்பிக்கைக்கு நீர் வார்க்கிறார்கள். இதில் பாதி உண்மை, மறுபாதி ஆபத்தானது. அதன் விலையைச் செலுத்துவது வேட்டைக்காரன் அல்லன். காயத்தோடு காட்டுக்குள் ஓடி மறையும் விலங்கு. வேட்டை சரியா, பிழையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. சட்டம் இடமளிக்கும் நாடுகளில் அது நடந்துகொண்டுதான் இருக்கும். நடப்பதானால், ஒரே வெடியில் உயிர் பிரிய வேண்டும் என்பதில் இரண்டு கருத்துகளுக்கு இடமில்லை.

பத்திரிகைக்காரனுக்கும் சன்னத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. சுத்த ஈயம் மிக மென்மையானது. பிரினல் அளவுகோலில் அதன் கடினம் ஏறக்குறைய 5. அதனுடன் அந்திமனி சேர்ந்தால் கடினம் ஏறும். வெள்ளீயம் சேர்ந்தால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் சென்று நிரம்பும். அச்செழுத்து வார்த்தவர்களுக்கும் இதே இரண்டு குணங்கள்தாம் தேவைப்பட்டன. 1886 இல் நியூயோர்க்கில் பத்திரிகைப் பணிக்கு வந்த லைனோடைப் இயந்திரத்தின் உலோகத்தில் ஏறக்குறைய 84 வீதம் ஈயம், 12 வீதம் அந்திமனி, 4 வீதம் வெள்ளீயம். அதன் கடினம் 22 அளவில் நிற்கும். 1970களில் பத்திரிகைகள் ஒளி அச்சுக்கோப்புக்கு மாறியபோது, அச்சுக்கூடங்களில் குவிந்திருந்த அந்த உலோகம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போயிற்று. அங்கிருந்து வீட்டில் சன்னம் வார்ப்போரின் அடுப்புக்குச் சென்றது. நேற்றுவரை தலையங்கத்தைத் தாங்கிய ஈயம் மானின் விலாவைத் தேடிப் புறப்பட்டது.

ஆனால் எழுத்தின் வேலை வேறு, சன்னத்தின் வேலை வேறு. எழுத்து ஆயிரக்கணக்கான பிரதிகளின் அழுத்தத்தைத் தேயாமல் தாங்கினால் போதும். சன்னமோ ஒரு கணத்தில் எலும்பை மோதி, உடையாமல் அப்பால் செல்லவேண்டும். கடினம் வேறு, உறுதி வேறு. கண்ணாடி கடினமானது, அதை யாரும் உறுதியானது என்று சொல்வதில்லை. அந்திமனி மிகுந்த சன்னமும் அவ்வாறே. தோள் எலும்பில் பட்டதும் நொறுங்கி, ஆழம் போகாமல் நின்றுவிடக்கூடும். அனுபவமுள்ள வார்ப்பாளர்கள் இதனை அறிந்தே லைனோடைப் உலோகத்தில் மென்மையான ஈயத்தையும் வெள்ளீயத்தையும் கலந்து, அந்திமனியும் வெள்ளீயமும் ஏறக்குறையச் சம அளவில் அமையும்படி பார்த்துக்கொள்கிறார்கள். 90 பங்கு ஈயம், 5 பங்கு அந்திமனி, 5 பங்கு வெள்ளீயம் கொண்ட பழைய கலப்பு இன்றும் மதிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. அதன் கடினம் 15 அளவில்தான். ஆனால் உடைவதற்கு முன் வளைந்து கொடுக்கும்.

இந்த விவாதத்தின் பழைய அத்தியாயம் ஒன்று இலங்கையில் எழுதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர், யானை வேட்டைக்கெனத் தாமே திட்டமிட்டுச் செய்வித்த றைபிளின் நிறை 21 இறாத்தல். அதன் கூம்புச் சன்னம் மட்டும் 4 அவுன்ஸ். எமர்சன் ரெனன்ற் 1859 இல் எழுதிய நூலின்படி, 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அரசு சன்மானம் வழங்கியது. அந்தக் கொலைக் கணக்கைப் பெருமையாகக் கொள்வதற்கில்லை. ஆனாலும் பேக்கர் தமது தொழிலைக் கூர்ந்து கவனித்தவர். யானையின் மூளையைத் தேன்கூடு போன்ற தடித்த எலும்பு காக்கிறது. மெல்லீயம் அதில் தட்டையாகிப்போகும். பின்னாளில் அபிசீனியாவில் அவர் ஈயத்தில் பத்திலொரு பங்கு இரசம் கலந்து சன்னம் வார்த்தார். இரச ஆவி நஞ்சு என்பதால் இன்று எவரும் கனவிலும் செய்யக்கூடாத காரியம் அது. கவனிக்கவேண்டியது வேறு. தோல் தடித்த விலங்குகளுக்குக் கடினச் சன்னத்தை வேண்டிய அதே பேக்கர், புலி போன்றவற்றுக்குச் சுத்த ஈயமே ஏற்றது என்று வாதிட்டார். விலங்கைப் பார்த்து அவர் உலோகத்தைத் தெரிவு செய்தார். இன்று பலர் பெட்டியைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள்.

அமெரிக்க அனுபவமும் இதையே சொல்கிறது. 1873 இல் அந்நாட்டு இராணுவம் ஏற்றுக்கொண்ட 'நாற்பத்தைந்து எழுபது' ரவை இன்றும் பெருந்துளை வேட்டைக்காரரின் செல்லப்பிள்ளை. அதன் 405 கிறெயின், அதாவது 26 கிராம் அளவிலான சன்னத்தை 16 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்ற எளிய கலப்பில் வார்த்தார்கள். மிதமான வேகத்தில் செல்லும் அத்தகைய சன்னம், மான் போன்ற மெல்லிய உடலில் சற்றே விரிந்து பெருங்காயம் உண்டாக்கும். அதே மானை மிகக் கடினமான கூர்மூக்குச் சன்னம் ஊசிபோல் ஊடுருவிச் செல்லும். விலங்கு வெகுதூரம் ஓடும். வேட்டைக்காரன் தவறிவிட்டதென்று எண்ணித் திரும்பிவிடுவான். கரடி, காட்டெருமை ஆகியவற்றின் கதை வேறு. அங்கே ஆழம் முக்கியம். கடின வார்ப்புக்கு உரிய இடம் அதுவே. அப்போதும் சன்னத்தின் மூக்கு அகன்று தட்டையாக இருக்கவேண்டும். விரியாத சன்னத்துக்கு அந்தத் தட்டை முகமே வேலை செய்கிறது.

துவக்குக் குழலில் ஈயம் ஒட்டாதிருக்கக் கடினம் தேவை என்பர். வேகம் கூடும்போது அது ஓரளவு உண்மை. ஆயினும் பெரும்பாலான வேளைகளில் குற்றவாளி மென்மையன்று, பொருத்தமின்மையே. குழலின் உட்பள்ள விட்டத்தைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடிய சன்னம் வாயுவை அடைத்து நிற்கும். குறைந்த சன்னம் எவ்வளவு கடினமானாலும், சூடான வாயு அதன் ஓரத்தை அரித்துக்கொண்டு போகும். அளவெடுக்கச் சோம்பும் கை கடினத்தில் தஞ்சம் புகுகிறது.

இன்னொரு பொறுப்பும் உண்டு. எவ்வளவு கடினமானாலும் ஈயம் ஈயமே. 1982 இல் 22 பறவைகளாகக் குறைந்துவிட்ட கலிபோர்னியாக் கொண்டோர் கழுகுகள் பின்னர் வளர்ப்பினால் மீட்கப்பட்டன. ஆனால் காட்டில் அவற்றைக் கொல்லும் காரணங்களில் முதன்மையானது வேட்டைக் கழிவில் கிடக்கும் ஈயத் துணுக்கு. 2013 இல் சட்டமியற்றிய கலிபோர்னியா, 2019 யூலை முதல் ஈயச் சன்ன வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. உடையாமல் ஊடுருவிச் செல்லும் சன்னம் துணுக்குகளைக் குறைவாகவே விட்டுச்செல்லும். நொறுங்கும் சன்னமோ விலங்கை ஒருமுறையும், அதன் குடலைத் தின்னும் பறவையை மறுமுறையும் வதைக்கிறது.

நமது நாட்டில் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைக் காக்கிறது. எனினும் நாட்டுத் துவக்குகளிலிருந்து பாய்ந்த ஈயக் குண்டுகளைச் சுமந்துகொண்டு, சீழ் பிடித்த கால்களோடு நடமாடும் யானைகளை வனவிலங்கு வைத்தியர்கள் இன்றும் சந்திக்கிறார்கள். கொல்லாத சன்னம் எத்தகையது என்பதற்கு அவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சட்டப்படி வேட்டையாடும் உரிமையுள்ளவர்களுக்கு அந்தச் சாக்குப்போக்கும் இல்லை. நேரமும் அளவுகருவியும் அறிவும் அவர்களிடம் உண்டு. எந்த விலங்கு, எந்த வேகம், எந்தத் தூரம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே உலோகத்தின் கடினத்தைத் தீர்மானிக்கவேண்டும். அந்த உழைப்புக்கு மனமில்லாதவர் துவக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே நன்று.