வானத்திலிருந்து எடுத்த படத்துக்குப் பூட்டு உண்டா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரோனில் ஏரியையும் வயலையும் படம் எடுத்து இணையத்தில் போட்டால், அதைத் திருட நினைப்பவனைத் தடுக்கிற பூட்டு எதுவும் கிடையாது. திரையில் ஓடுவதை அப்படியே பதிவு செய்ய ஒரு பொத்தான் போதும். அதனால் பூட்டைத் தேடி அலைவதை விட, "இது என்னுடையது" என்று காட்டும் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இதுதான் என் கட்சி.

ரெண்டு நிமிட வீடியோவுக்கு இவ்வளவு அக்கறையா என்று கேட்பீர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ஏரி, அதை ஒட்டியே மனை விற்பனைப் பலகை. என் வகுப்பு நண்பன் எடுத்த ஏரிக் காட்சி ஒரு மனை விளம்பரத்தில் வந்தது. அவன் பெயரும் இல்லை, காசும் இல்லை. அந்த ஏரிக்கும் விற்கிற மனைக்கும் சம்பந்தமே இல்லை என்பது தனிக் கூத்து! நஷ்டம் அவனுக்கு மட்டுமா? அதை நம்பி அட்வான்ஸ் கொடுப்பவருக்கும்தானே?

மழைக்காலத்தில் இது இன்னும் ஆபத்து. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, செம்பரம்பாக்கம் என்ற பெயரைக் கேட்டாலே அடையாற்றங்கரை மக்களுக்கு வயிற்றைக் கலக்கும். மதகு திறந்திருக்கும் பழைய காட்சியை எடுத்து, அதிலிருந்த பெயரையும் தேதியையும் வெட்டிவிட்டு "இப்போது நடப்பது" என்று யாராவது அனுப்பினால் என்ன ஆகும்? குன்றத்தூரிலிருந்து சைதாப்பேட்டை வரை தூக்கம் போய்விடும். நாலு தடவை இப்படி ஏமாந்தவர்கள், நிஜமாகவே தண்ணீர் திறக்கிற நாளில் நம்ப மாட்டார்கள். ஆக, எடுத்தவன் பெயரைத் திருடுகிறவன் கூடவே தேதியையும் இடத்தையும் திருடுகிறான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் முத்திரை. எல்லோரும் பெயரை ஒரு மூலையில் போடுகிறார்கள். அகலமான படத்தைக் கைபேசிக்கு ஏற்றபடி நெட்டுக்குத்தாக வெட்டும்போது, அகலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூலையில் இருந்த உங்கள் பெயர் தானாகவே போய்விடும். திருடனுக்கு வேலையே இல்லை! பெயர், ஊர், தேதி மூன்றையும் நடுவில், கண்ணை உறுத்தாத அளவு மங்கலாகப் போடுங்கள்.

அடுத்து அளவு. 4கே-யில் எடுத்ததை அப்படியே ஏற்றாதீர்கள். 1920க்கு 1080 என்று குறைத்தால் நாலில் ஒரு பங்கு படப்புள்ளிகள்தான் வெளியே போகும். முழு அளவு மூலக் கோப்பு உங்களிடம் மட்டுமே இருக்கும். இடமும் நேரமும் பதிவாகும் துணைக்கோப்பைப் பல ட்ரோன்கள் சேர்த்தே தரும். அதை அழிக்காதீர்கள். வெட்டாத மூலத்தை வைத்திருப்பவனோடு வழக்காடுவது கஷ்டம்.

சட்டமும் நம் பக்கம்தான். 1957-ன் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவுடனே உரிமை வந்துவிடும். பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. யூடியூபில் புகார் கொடுக்கப் படிவம் இருக்கிறது. 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை வாங்கினால் சேனலே போய்விடலாம். ஆனால் ஒன்று, காசு வாங்கிக்கொண்டு இன்னொருவர் கேட்டபடி எடுத்துக் கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவருக்குத்தான். மனைக்காரரிடம் முன்பணம் வாங்கும்போதே இதை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இனி நம்மவர்களுக்குக் கசக்கிற பகுதி. ஏரியின் மேல் ட்ரோன் பறக்கும்போது பின்னணியில் என்ன பாட்டு? பெரும்பாலும் இளையராஜா அல்லது ரஹ்மான். அனுமதி? யாரும் கேட்பதில்லை. திரைப்படமோ வீடியோவோ, அதன் பெரும்பகுதி இன்னொரு படைப்பின் உரிமையை மீறியிருந்தால், அதற்குப் பதிப்புரிமையே கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அடுத்தவர் பாட்டைக் கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டு "என் படத்தைத் திருடிட்டான்" என்று கத்துவது எந்த ஊர் நியாயம்? காற்றுச் சத்தமே போதும் மக்களே.

இரண்டாவது, பறக்கும் இடம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த ஆய்வகம், விமானப்படை நிலையம் எல்லாம் இருக்கின்றன. 2021-ல் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கின்றன. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிக்கு மேல் போனாலே மஞ்சள். பூந்தமல்லிக்காரர்கள் வரைபடத்தில் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளவும் :-) திருட்டுத்தனமாகப் பறந்து எடுத்த காட்சியை ஒருவன் சுட்டுவிட்டால், நீங்கள் புகார் கொடுப்பீர்களா? "எங்கே பறந்தாய், எப்போது பறந்தாய்" என்று முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். உரிமை போகாது, ஆனால் கேட்கிற தைரியம் போய்விடும். திருடனுக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆயுதம் கையில் இருக்கிறது என்று எல்லோர் மேலும் பாயக் கூடாது. சில நொடிக் காட்சிகளுக்காக எச்சரிக்கை விழவைத்துப் பெரும் பணம் கேட்டதாக ஏ.என்.ஐ. செய்தி நிறுவனத்தின் மீது 2025-ல் யூடியூபர் மோஹக் மங்கல் குற்றம் சாட்டினார். அந்த நிறுவனம் அவதூறு வழக்கோடு டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். விமர்சனத்துக்காகச் சில நொடி எடுத்துக்காட்டுவது வேறு, முழுசாகச் சுருட்டி விளம்பரம் செய்வது வேறு. அதே ஏரியை இன்னொருவர் தன் ட்ரோனில் எடுத்தால் அது திருட்டே இல்லை. ஏரி நம் எல்லோருக்கும் பொது. நீங்கள் எடுத்த காட்சிதான் உங்களுடையது.

ஒளித்து வைத்தால் எடுத்ததற்கே அர்த்தமில்லை. தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் எந்த ஊர், எந்த நாள், எடுத்தது யார் என்ற மூன்றும் படத்தோடு ஒட்டியே போகட்டும். அடுத்த மழைக்கு அது யாரோ ஒருவரின் பதற்றத்தைக் குறைக்கும்.