வேகம் முதலாமவருக்கு, செலவு மூன்றாமவருக்கு

சொகுசும் வேகமும் ஒருங்கே அமைந்த ஜேர்மன் கார்களை வைத்திருப்போர் அவற்றின் பழுதுகளால் படும் பாட்டைப் பற்றிப் பேசினால் இரக்கப்படுவோர் குறைவு. பணம் படைத்தவனுக்கு வந்த தலையிடி, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் பொதுவான மனநிலை. இந்த மனநிலை ஒரு தவறான கணக்கின் மீது நிற்கிறது. பணம் படைத்தவர் அந்தக் காரைப் புதிதாக வாங்குகிறார் அல்லது குத்தகைக்கு எடுக்கிறார். மூன்று, நான்கு ஆண்டுகள் ஓட்டுகிறார். உத்தரவாதக் காலம் முடியும் தறுவாயில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதிரிக்குப் போய்விடுகிறார். பாடுபடுபவர் அதன் பின்னர் வருபவர். இரண்டாவதாக, மூன்றாவதாக அந்தக் காரை வாங்கி, இளமைக் கனவொன்று நிறைவேறிய மகிழ்ச்சியில் வீட்டு வாசலில் நிறுத்திவைப்பவர்.

காரின் விலை ஆண்டுதோறும் வீழ்ச்சியடைகிறது. அதன் உதிரிப்பாகங்களின் விலை வீழ்ச்சியடைவதில்லை. அரை விலைக்கோ கால் விலைக்கோ கார் வாங்கியவர் முழு விலைக் காருக்குரிய திருத்தவேலைச் செலவைச் சுமக்கிறார். இதுவரை பலரும் அறிந்த விடயம். பலரும் கவனிக்கத் தவறுவது, இக்கார்களில் ஏற்படும் பெரும் கோளாறுகளில் பல தற்செயலானவை அல்ல என்பதைத்தான். அவை தொழிற்சாலையில் எடுக்கப்பட்ட தீர்மானங்களின் விளைவுகள். அத்தீர்மானங்கள் முதல் உரிமையாளரின் மூன்று, நான்கு ஆண்டுகளை மனதில் வைத்து எடுக்கப்பட்டவை என்பதே எனது வாதம்.

2005 இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரை எடுத்துக்கொள்வோம். அப்போது அந்நிறுவனம் பார்மியூலா வண் பந்தயங்களில் வில்லியம்ஸ் அணிக்கு வி10 எஞ்சின்களை வழங்கிக்கொண்டிருந்தது. அந்தப் புகழைத் தெருவுக்குக் கொண்டுவருவதற்காக, நான்கு கதவுகளும் விசாலமான பின் இருக்கையும் கொண்ட குடும்பக் கார் ஒன்றினுள் 5 லீற்றர் கொள்ளளவுள்ள பத்து சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியது. 507 குதிரைவலு, நிமிடத்துக்கு 8,250 சுழற்சிகள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது 400 குதிரைவலுவே கிடைக்கும். மிகுதி 107 ஐயும் பெற ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்! அந்த எஞ்சின் 2005 இலும் 2006 இலும் சர்வதேச ரீதியில் ஆண்டின் சிறந்த எஞ்சினாகத் தெரிவுசெய்யப்பட்டது. அதன் ஒலியைக் கேட்டவர்கள் அந்தத் தெரிவைக் குறைகூற மாட்டார்கள்.

அந்த எஞ்சினுக்குள் பத்து பிஸ்டன்களையும் கிராங் ஷாஃப்டுடன் இணைக்கும் பத்துத் தண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தண்டின் அடியிலும் இரண்டு அரைவட்ட உலோக ஓடுகளாலான பெயாரிங் உண்டு. ஆக இருபது மெல்லிய ஓடுகள். இந்த ஓடுகளுக்கும் கிராங் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் ஒயில் படலமொன்று இருந்தாக வேண்டும். அது அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். அந்த எஞ்சினுக்கென நிறுவனம் விதித்தது 10டபிள்யூ-60 என்ற தடித்த ஒயில். குளிர்ந்த எஞ்சினில் இவ்வளவு தடித்த ஒயிலுக்கு அந்த இடைவெளி போதாது என்பது சுயாதீனத் திருத்துநர்கள் பலரின் கருத்து. காரணம் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது; விளைவு பற்றி விவாதம் இல்லை. ஓடுகள் உரிய காலத்துக்கு முன்பே தேய்கின்றன. கவனிக்காது விட்டால் ஒருநாள் தண்டு எஞ்சினின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகையால் விடயமறிந்த உரிமையாளர்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு முன்னரே, எந்தச் சத்தமும் கேளாத நிலையிலும், தமது செலவில் இருபது ஓடுகளையும் மாற்றிவிடுகிறார்கள். ஓடுகளின் விலை பெரிதல்ல. அவற்றைச் சென்றடைய எஞ்சினுக்குக் கீழே உள்ள பாகங்களை இறக்க வேண்டும். அந்தக் கூலிதான் பெரிது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இதே நிறுவனத்தின் எம்3 காரில், 2001 முதல் 2003 வரை தயாரானவற்றில், இதே இடத்தில் இதே வகையான பிரச்சினை எழுந்தபோது நிறுவனமே கார்களை அழைத்துத் தன் செலவில் பெயாரிங்குகளை மாற்றிக்கொடுத்தது. எனவே இவ்விடத்தில் பலவீனம் தோன்றலாம் என்பது அங்கே தெரியாத செய்தியல்ல. ஆனால் வி10 காரின் உரிமையாளர்களுக்கு அப்படியோர் அழைப்பு வரவில்லை. பெயாரிங் ஒன்றோடு கதை முடிவதும் இல்லை. பத்துத் த்ரொட்டில்களை இயக்கும் கருவிகளினுள் இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் தேய்கின்றன. வால்வு நேரத்தை மாற்றும் உயர் அழுத்த ஒயில் பம்ப் பழுதடைகிறது. தானாகக் கிளச் பிடிக்கும் கியர் பொக்ஸின் ஹைட்ரோலிக் பம்ப் செயலிழக்கிறது. 2006 இல் அமெரிக்காவில் 80,000 டொலருக்கு மேல் விற்ற காரின் எஞ்சினை மாற்றுவதற்கு, இன்று அந்தப் பழைய காரின் சந்தை விலையை விடவும் கூடுதலாகச் செலவாகும் நிலை உள்ளது.

போர்ஷ் நிறுவனத்தின் கதை இன்னும் தெளிவானது. 1990 களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் முறிந்துபோகும் நிலையை அடைந்திருந்தது. டொயோட்டாவின் உற்பத்தி முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களை அழைத்து, செலவைக் குறைத்து மீண்டெழுந்தது. அம்மீட்சியின் விளைவுகளே பொக்ஸ்டரும், தண்ணீரால் குளிர்விக்கப்படும் புதிய 911 உம். அவற்றின் எஞ்சினுக்குள் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவதற்கு உள்ளே கிரீஸ் அடைத்து மூடப்பட்ட ஒரு குண்டு பெயாரிங்கை வைத்தார்கள். காலப்போக்கில் மூடி பழுதாகி, எஞ்சின் ஒயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். பெயாரிங் உடைந்தால் முழு எஞ்சினும் போய்விடும். எல்லா எஞ்சின்களிலும் இது நடக்கவில்லை. நடந்தவருக்கு நட்டம் முழுமையானது. அதே காலத்தில் அதே நிறுவனம் 911 டேர்போவிலும் ஜி.டி.3 இலும் பொருத்திய எஞ்சின், பந்தய எஞ்சின்களை வடிவமைத்த ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அறியப்படுவது. அதில் இந்த மூடிய பெயாரிங் இல்லை, இந்த நோயும் இல்லை. செய்யத் தெரியாமல் செய்யாது விட்டார்கள் என்று இதனைக் கூற முடியுமா?

இந்த விவகாரம் கலிபோர்னியாவில் கூட்டு வழக்காகி 2013 இல் இணக்கத் தீர்வுக்கு வந்தது. 2001 மே முதல் 2005 பெப்ரவரி வரை தயாரான கார்கள் அதில் அடங்கின. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. 2009 ஆம் ஆண்டு மாதிரியுடன் வந்த புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டையே நீக்கிவிட்டிருந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இனி, முதல் உரிமையாளருக்காகவே இந்தத் தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன என்று நான் சொல்வதற்கான ஆதாரத்துக்கு வருகிறேன். பி.எம்.டபிள்யூ தனது தானியங்கி கியர் பொக்ஸ்களில் உள்ள ஒயில் காரின் ஆயுட்காலம் முழுவதற்கும் போதுமானது என்று நீண்டகாலம் கூறிவந்தது. அந்தக் கியர் பொக்ஸ்களில் பலவற்றைத் தயாரிப்பது இஸட்.எப். என்ற இன்னொரு ஜேர்மன் நிறுவனம். தயாரித்தவரோ 80,000 முதல் 1,20,000 கிலோமீற்றருக்குள் ஒயிலை மாற்றும்படி கூறுகிறார்! இரண்டு கூற்றும் எப்படிச் சரியாக முடியும்? 'ஆயுட்காலம்' என்பது யாருடைய ஆயுட்காலம் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். அமெரிக்காவில் அந்நிறுவனம் பல ஆண்டுகளாக, முதல் 4 ஆண்டுகளுக்கான வழக்கமான பராமரிப்புச் செலவைத் தானே ஏற்றது. செலவைத் தான் ஏற்கும் காலத்தில் ஒயில் மாற்றும் இடைவெளி 15,000 மைல் வரை நீண்டிருந்தது. 2008 இல் அறிமுகமான அதன் இரட்டை டேர்போ வி8 எஞ்சினில், டேர்போக்கள் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, வெப்பம் வெளியேற இடமற்ற பள்ளத்தில் வைக்கப்பட்டன. அந்த எஞ்சின் ஒயிலைக் குடிக்கத் தொடங்கியது. 2014 டிசம்பரில் நிறுவனம் 'வாடிக்கையாளர் நலன்' என்ற இனிய பெயரில் திருத்தவேலைத் திட்டமொன்றை அறிவித்தபோது, ஒயில் மாற்றும் இடைவெளி 10,000 மைலுக்குக் குறைந்தது. வழக்கு 2018 இல் இணக்கத்தில் முடிந்தது. இங்கும் தவறு ஒப்புக்கொள்ளப்படவில்லை.

வேகம் வேண்டுமென்றால் இதையெல்லாம் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்பது இக்கார்களின் அபிமானிகள் கூறும் சமாதானம். ஒரு பாதி உண்மை. பிரேக், ரயர், கிளச் ஆகியன சீக்கிரம் தேயும். அவற்றின் விலையும் கூடுதலாக இருக்கும். இது வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்த செலவு. இதைப்பற்றி முறையிடுவோருடன் எனக்கும் உடன்பாடில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பராமரிப்புக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாத நிலையில், எஞ்சினையே அழிக்கும் பாகம் வேறு வகையைச் சேர்ந்தது. மறு பாதிக்கு ஹொண்டா 1990 இல் பதில் சொல்லிவிட்டது. அவ்வாண்டு வெளிவந்த என்.எஸ்.எக்ஸ். காரின் எஞ்சின் 8,000 சுழற்சிகள் வரை சென்றது. அதன் இணைப்புத் தண்டுகள் டைட்டேனியத்தால் ஆனவை. பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா அதன் உருவாக்கத்தின்போது ஓட்டிப்பார்த்து ஆலோசனை கூறினார். அந்தக் காரை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் சாதாரண ஹொண்டா போலப் பாவிக்கிறார்கள்.

கோளாறே வராத கார் உலகில் இல்லை. வந்தபின் என்ன செய்கிறார்கள் என்பதிலும் வேறுபாடு உண்டு. 1989 டிசம்பரில், சந்தைக்கு வந்து சில மாதங்களேயான லெக்சஸ் எல்.எஸ்.400 காரில் சிறு குறைகள் காணப்பட்டபோது, விற்கப்பட்டிருந்த சுமார் 8,000 கார்களையும் 20 நாட்களுக்குள் திருத்திக்கொடுத்தார்கள். உரிமையாளர் வீட்டிலிருந்து காரை எடுத்துச்சென்று, கழுவி, பெற்றோல் நிரப்பித் திருப்பி ஒப்படைத்தார்கள். வழக்கறிஞர் எவரும் தேவைப்படவில்லை.

எமது வாசகர்களில் பலர் வாழும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய ஜேர்மன் வேகக் கார்கள் இளைஞர்களுக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டன. அவர்களில் பெரும்பாலானோர் சம்பளத்தில் வாழ்பவர்கள், கடனில் வாங்குபவர்கள். இலங்கையில் நிலைமை வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய சொகுசுக் கார்கள் விலை குறையாமல் கைமாறின. 2022 இல் நாட்டில் டொலரே இல்லாதபோது உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்தோர் பட்ட பாடு தனிக்கதை. அதிவேகப் பாதைகளிலேயே 100 கிலோமீற்றர் வேகந்தான் உச்சம் என்ற நாட்டில் 500 குதிரைவலு எதற்கு என்ற கேள்வியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

சட்டம் இவர்களுக்கு உதவுமா? அமெரிக்காவில் தீராத கோளாறுள்ள காரை 'லெமன்' என்பார்கள். 1982 இல் கனெக்ரிகட் மாநிலத்தில் தொடங்கிய லெமன் சட்டங்கள் பெரும்பாலும் புதிய கார் வாங்குவோருக்கானவை. 2024 ஒக்டோபர் 31 அன்று கலிபோர்னிய உயர் நீதிமன்றம், உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கும் பாவித்த காரும் அச்சட்டத்தின்படி 'புதிய கார்' ஆகாது என்று தீர்ப்பளித்தது. பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் வியாபாரியிடம் வாங்கிய பாவித்த காருக்கும் பொருந்தும். பழுதான காரை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனியாரிடம் வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு இலட்சம் கிலோமீற்றரில் தேயும் பெயாரிங் 30 நாட்களில் வெளிப்படுவதும் இல்லை.

ஆகவே உத்தரவாதத்தை நாட்காட்டியைப் பார்த்து மட்டும் அளவிடும் முறை மாற வேண்டும். எஞ்சினை அழிக்கக்கூடிய பலவீனம் ஒன்று இருப்பதை நிறுவனம் அறிந்திருந்தால், அந்தப் பாகத்துக்குரிய பொறுப்பு கார் எத்தனையாவது கையில் இருந்தாலும் தொடர வேண்டும். குறைந்தபட்சம், முகவர்களின் கராஜ்களுக்கு அனுப்பப்படும் தொழில்நுட்ப அறிவித்தல்கள் எல்லா நாடுகளிலும் பகிரங்கமாக வேண்டும். அமெரிக்காவில் இது 2012 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் நடந்திருக்கிறது. நிறுவனங்கள் சமர்ப்பிக்கும் அறிவித்தல்களை அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தனது இணையத்தளத்தில் வெளியிடுகிறது. காரின் ஆண்டையும் மாதிரியையும் கொடுத்து எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. அமெரிக்காவில் விற்கப்படாத மாதிரியாக இருந்தாலும், அதே எஞ்சின் பொருத்திய வேறொரு மாதிரியின் பெயரில் தேடினால் பெரும்பாலும் விடயம் அகப்படும். விற்பவரைச் சந்திக்கப் போவதற்கு முதல்நாள் இரவு அதைச் செய்துவிடலாம்.